வாளி வரைக்கும்

வாத்து கடித்து மனிதன் சாவான் என்று சொன்னால் வாத்துகூட நம்பாது. ஆனால் நாற்பது வாத்துகளையும் பன்னிரண்டு நாட்களையும் வைத்துக்கொண்டு ‘ரத்த அலகு’ என்றொரு திகில் படத்தை எடுத்து முடித்த டைரக்டர் நம்பினார். அவர் கேட்டது கழுகுகள், கிடைத்தது வாத்துகள். அதற்கேற்ப ஒரே மத்தியானத்தில் கதையை மாற்றிக்கொண்டார். ஆலைக் கழிவு குளத்தில் கலக்கிறது. குளத்து வாத்துகளுக்கு மனித ரத்தம் ருசித்துவிடுகிறது. ஊரே கதவைச் சாத்திக்கொள்ள, தபால்காரர் ஒருவர் சைக்கிள் பம்பும் கையுமாக அவற்றை எதிர்த்து நிற்கிறார்.

நடிகர்களின் உடை ஓரங்களில் தானியத்தை வைத்துத் தைத்து, அதைக் கொத்த வந்த வாத்துகளைத்தான் ரத்த வெறி பிடித்தவை என்று காட்டினார்கள். அலகுக்கெல்லாம் சிவப்புச் சாயம். அது தண்ணீரில் ஊறி வழிந்து, படத்தின் பின்பாதியில் வாத்துகள் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பியவைபோல இருந்தன. படம் மூன்று நாள் ஓடியது. மூன்றாவது நாள் ஓடியதுகூட அடுத்த படத்தின் பெட்டி வந்து சேராத புண்ணியத்தில்தான்.

இதெல்லாம் இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய சங்கதி. இப்போது நிலைமையே வேறு. எவனோ ஒருவன் அதைத் தோண்டி எடுத்துப் பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்து, நாலு பேருக்குச் சொல்லப் போக, ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பகல் காட்சிக்குப் பழைய தியேட்டர் ஒன்று நிரம்பி வழிகிறது. திரையில் வாய் அசைவதற்கு முன்பே கூட்டம் வசனத்தைச் சொல்லிவிடுகிறது. தபால்காரரின் செருப்பு ஒரு ஷாட்டில் கறுப்பு, அடுத்த ஷாட்டில் பழுப்பு. அப்போது கூரை அதிர, “செருப்பு!” என்று கத்துகிறார்கள். ஆனால் செருப்பெல்லாம் தொட்டுக்கொள்ளத்தான். அவர்கள் காத்திருப்பது நாற்பத்தேழாவது நிமிடத்துக்கு.

நாற்பத்தேழாவது நிமிடத்தில், குளத்தங்கரையில், வாத்துப் படை தபால்காரர்மேல் பாய்கிற நேரத்தில், திரையின் வலது ஓரத்திலிருந்து ஓர் ஆள் வாளியோடு வருகிறார். கதைக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நாலு எட்டு வைத்து நிற்கிறார். நேராகக் கேமராவைப் பார்க்கிறார். லேசாகச் சிரிக்கிறார். பிறகு மூன்று எட்டு வைத்து இடது ஓரத்தில் மறைகிறார். மொத்தம் ஆறு நொடி.

அந்த ஆறு நொடிக்காக ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி கொண்டுவருகிறார்கள். முந்நூறு வாளிகள் மேலே எழும். பாதி அரங்கம் “என்னய்யா பாக்குற?” என்று கேட்கும். மீதிப் பாதி “வாத்தக் காணோம்!” என்று பதில் சொல்லும். அப்படியொரு சிரிப்பு எழும், அடுத்த இரண்டு நிமிடத்து வசனம் யார் காதிலும் விழாது.

அந்தக் கூட்டத்தில் வாளி இல்லாமல் வருகிறவள் ஒருத்திதான். கடைசி வரிசை, நடைபாதையை ஒட்டிய இருக்கை, அறுபத்திரண்டு வயது. பிலிம் காலத்திலிருந்து வெட்டி ஒட்டும் வேலையில் இருப்பவள் என்பதால் சினிமா வட்டாரத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். வாளிக்காரர் ஏழாவது எட்டு வைத்து மறைந்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர் அவளுக்கு ‘வாளி வரைக்கும் அம்மா’ என்றே பெயர் வைத்திருந்தார்.

“மிச்சத்தையும் பாருங்கம்மா, கடைசியில வாத்துதான் ஜெயிக்குது” என்றார் ஒருமுறை.

“தெரியும்யா” என்று சொல்லிவிட்டுப் போனாள் கத்திரி.

தெரியாமல் என்ன? படத்தை வெட்டி ஒட்டியவளே அவள்தான். டைரக்டர் அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். வாளியோடு நடந்தவர் அவளுடைய கணவர். அவள் மாதா மாதம் இப்படித் திருட்டுத்தனமாக வந்து போவது அண்ணனுக்குத் தெரியாது. அவரோ அந்தத் தியேட்டர் இருக்கிற தெருப்பக்கம்கூடத் தலைவைத்துப் படுப்பதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் வேலைக்குக் கிளம்பி ஒரு காலைச் செருப்புக்குள் விட்டிருந்த நேரத்தில், அண்ணன் வாசலில் வந்து நின்றார். எழுபத்தொரு வயதில் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. முகம் மட்டும் பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம்போல இருந்தது.

“பாப்பா, நம்ம படத்தப் புதுசா வெளியிடறாங்களாம்! கீறலெல்லாம் துடைச்சு, நிறமெல்லாம் சரிபண்ணி, பளபளன்னு. கூப்பிட்டு வெச்சு மரியாதையாப் பேசினாங்க. வாய்க்கு வாய் சார்னு சொன்னாங்க.”

“நல்ல விஷயம்தானே அண்ணா. உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. “ஏதாவது மாத்தணுமான்னு கேட்டாங்க. செருப்பு கெடக்கட்டும், சாயம் கெடக்கட்டும், அதெல்லாம் நான் பண்ணின கூத்துதான்னு சொல்லிட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அந்த வாளிய எடுத்துடணும்.”

கத்திரி இன்னொரு செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தாள். அது கண்ணெதிரேதான் கிடந்தது.

“அந்த ஷாட்டுக்கு மூணாவது டேக் ஒண்ணு எடுத்தோமே, மாப்ள வராத டேக். லேப்ல கீறிடுச்சுன்னு நீகூடச் சொன்னியே. இப்பல்லாம் எப்பேர்ப்பட்ட கீறலா இருந்தாலும் எடுத்துடறாங்க பாப்பா. அது கெடச்சாப் போதும். எங்க இருக்கும்?”

“எங்க இருக்கும்? லேபையே மூடிட்டாங்க. குப்பையோட குப்பையாப் போயிருக்கும்.”

அண்ணனின் முகம் ஒரு கணம் சுருங்கி, உடனே நிமிர்ந்தது. “அதான் நானும் நெனச்சேன். பரவால்ல, கம்ப்யூட்டர்லயே ஆள அழிச்சிடலாமாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. நீயும் வா. நீ பாத்துச் சரின்னு சொன்னாத்தான் எனக்குச் சரி.”

போட்டுக் கொடுத்த டீயைக் கையில் வாங்கி, குடிக்க மறந்து, ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனார். கத்திரி அந்தத் தம்ளரை ஒரு முறை கழுவினாள். வேலைக்குப் போக வேண்டியவள், மறுபடி எடுத்து இன்னொரு முறை கழுவினாள். அவள் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் துணி அலமாரி. அதன் மேல்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால், ஒரு தகர டப்பா. அதற்குள் இருந்தது மூன்றாவது டேக். ஒரு கீறல் கிடையாது.

அந்தக் குளத்தங்கரை ஷாட்டை மூன்று முறை எடுத்தார்கள். முதல் முறை வாத்துகள் தபால்காரரை விட்டுவிட்டுக் கேமராமேனைத் துரத்தின. இரண்டாவது முறைதான் அவள் கணவர் வந்தார். அவருக்கும் சினிமாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பம்ப்செட் பழுது பார்க்கிறவர். சின்ன வயதில் புறா வளர்த்தார் என்ற ஒரே தகுதியை வைத்து, “பறவைன்னா எல்லாம் ஒண்ணுதானே மாப்ள” என்று அண்ணன் அவரை வாத்துகளுக்குக் காவலாக இழுத்து வந்திருந்தார். அவரும் அந்த நாற்பதையும் பெற்ற பிள்ளைகள்போலப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு வாத்துகள் போட்ட கூச்சலில் ‘ஆக்‌ஷன்’ என்றது அவர் காதில் விழவில்லை. வெயிலில் இதுகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமே என்ற கவலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பாதி வழியில், கேமராவுக்குப் பக்கத்தில் தன் சாப்பாட்டு டப்பாவோடு மனைவி நிற்பதைப் பார்த்தார். நின்றார். சிரித்தார்.

“மாப்ள, ஃப்ரேம்ல நிக்கறீங்க! சீக்கிரம் வெளிய போங்க!” என்று அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். படத்தை ஊமையாக எடுத்துப் பிறகு குரல் சேர்த்ததால் அந்தக் கத்தல் படத்தில் கிடையாது. அதை நினைவில் வைத்திருப்பவர்கள் அண்ணனும் தங்கையும் மட்டுமே.

ஒரு வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டார். முப்பத்தெட்டு வயது.

பதினோராம் நாள் கத்திரி எடிட்டிங் அறைக்குப் போனாள். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு வாத்துகளோடு இருப்பது மேல் என்று தோன்றியது. ரீலை மாட்டிச் சுழற்றிக்கொண்டே போனாள். இரண்டாவது டேக். உள்ளங்கை அகலத் திரையில், வலது ஓரத்திலிருந்து அவர் வந்தார். இடது தோள் சற்று இறங்கி, வாளி கனக்க, வாத்துகளைத் திட்டியபடி. நின்று அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் ரீலைப் பின்னால் சுழற்றினாள். மறுபடி வந்தார். மறுபடி சிரித்தார். அன்றைய பகல் முழுக்க அவர் வந்துகொண்டே இருந்தார். வீட்டில் கல்யாணப் போட்டோ இருந்தது, அடையாள அட்டையில் ஒன்று இருந்தது. எல்லாவற்றிலும் விறைத்துக்கொண்டு இருந்தார். அவர் அசைவது உலகத்திலேயே இந்த ஆறு நொடியில் மட்டும்தான். சரியில்லை என்று தள்ளிவிட்ட டேக்குகள் எல்லாம் சீக்கிரமே அழிக்கப்படும், படத்தில் இருப்பது மட்டும்தான் மிஞ்சும் என்பது அவளுக்குத் தெரியும்.

டேக் விவரம் எழுதிய தாளில் இரண்டுக்கு நேரே ‘சரியில்லை’, மூன்றுக்கு நேரே ‘சரி’ என்று இருந்தது. அவள் பென்சிலை எடுத்து மூன்றுக்கு நேரே ‘கீறல்’ என்று எழுதினாள்.

“மூணாவது டேக் லேப்ல கீறிடுச்சு அண்ணா. ரெண்டாவதுதான் இருக்கு.”

மறுபடி எடுக்க வழியில்லை, வாத்துகள் திரும்பிப் போய்விட்டன. தங்கை இருந்த இருப்பைப் பார்த்த அண்ணனுக்குக் குறுக்குக் கேள்வி கேட்க மனசு வரவில்லை. “ஓரமா ஒரு ஆள் போறது யார் கண்ணுல படப்போகுது? நீ பாத்துப் பண்ணு பாப்பா” என்றார்.

எல்லார் கண்ணிலும் பட்டது. படத்தைப் பற்றி வந்த ஒரே விமர்சனம் வாளியைப் பற்றித்தான் இருந்தது. அடுத்த படம் தருவதாகப் பேசிக்கொண்டிருந்த தயாரிப்பாளர், “ஃப்ரேமுக்குள்ள ஆள் நிக்கறதே தெரியாதவருக்கு எப்படிப் படம் குடுக்கறது?” என்று கையை விரித்தார். அதன்பிறகு யாருமே கொடுக்கவில்லை. ‘வாளி டைரக்டர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அண்ணன் கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துக் காலத்தை ஓட்டினார். அந்த ஷாட்டைப் பற்றி யார் சீண்டினாலும் “என் தப்புதான், நான் பாத்திருக்கணும்” என்பார். ‘என் தங்கைதான் வெட்டினாள்’ என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாய்தவறிச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. பாவி மனுஷன் சொல்லவே இல்லை.

இதில் கத்திரி செய்த முட்டாள்தனம் ஒன்று உண்டு. பொய் சொன்ன அன்றைக்கே அந்த மூன்றாவது டேக்கைக் கொளுத்தியிருக்க வேண்டும். ஆனால் நல்ல டேக்கை எறிய எடிட்டருக்குக் கை வராது. கொலைகாரன்கூடக் கத்தியை ஆற்றில் வீசுவான், இவள் நெகட்டிவும் பாசிட்டிவுமாகப் பத்திரமாகச் சுருட்டி, டப்பாவில் போட்டு, தேதியும் எழுதி, வருடத்துக்கொரு முறை திறந்து ஈரம் படாமல் துடைத்துவேறு வைத்தாள்.

வியாழக்கிழமை போனாள். படம் துடைக்கிற இடம் நாலாவது மாடியில், ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி போட்ட குளிரூட்டிய அறை. நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே இன்னொரு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் இருக்கையின் நுனியில். கத்திரிக்கு உட்கார முடியவில்லை. நின்றாள், தண்ணீர் குடித்தாள், குளிர்கிறது என்றாள், வேர்க்கிறது என்றாள்.

பெண்மணி முதலில் வாளியை அழித்தார். வெறும் கை எதையோ இறுகப் பிடித்தபடி நடந்தது. பிறகு கால்களை அழித்தார். கால்கள் இருந்த இடத்தில் குளமும் வாத்துகளும் கூழாகக் கலங்கி நெளிந்தன.

“என்னம்மா இது, வாத்து உருகுது?” என்றார் அண்ணன்.

“ஆளுக்குப் பின்னால வாத்து எப்படி ஓடிச்சுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது சார். அதுவா நெனச்சுப் போடுது. வேற டேக் இருந்தா நல்லா இருக்கும்.”

“இல்லையேம்மா. இருந்தா குடுக்க மாட்டேனா?” அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். “அசிங்கமா இருக்கு, இல்ல பாப்பா? முன்னாடி வாளின்னு சிரிச்சாங்க, இனிமே கூழுன்னு சிரிப்பாங்க. என் தலையெழுத்து.”

திரையில் இப்போது இடுப்புக்கு மேல்தான் அவர் இருந்தார். கீழே ஒன்றுமில்லாமல், அதே சிரிப்போடு அவளைப் பார்த்தார். பெண்மணியின் விரல் மேலே நகர்ந்தது.

“நிறுத்துங்க” என்றாள் கத்திரி. “அண்ணா, வீட்டுக்கு வாங்க. உங்களுக்கு ஒண்ணு குடுக்கணும்.”

வீட்டுக்கு வந்ததும் போர்வைகளைக் கீழே தள்ளி டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். அண்ணன் தேதியைப் படித்தார். மூடியைத் திறந்து பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண் ஆபரேஷன் ஆன மனிதர், ரொம்ப நேரம் பார்த்தார். ஒவ்வொரு சாணாக நகர்த்திக் கடைசி வரை பார்த்தார்.

“கீறலே இல்லையே.”

“இல்ல அண்ணா.”

“அப்போ லேப்ல...”

“லேப்ல ஒண்ணும் ஆகல. நான்தான் பொய் சொன்னேன். ரெண்டாவது டேக்கப் போட்டா அவர் படத்துல இருப்பார். மூணாவதப் போட்டா எங்கயுமே இருக்க மாட்டார். அதான்.”

அண்ணன் பிலிமை மறுபடி சுற்ற ஆரம்பித்தார். சுற்று சரியாக விழவில்லை. உதவப் போன அவளுடைய கையைத் தட்டிவிட்டார்.

“எடிட்டர் அம்மா” என்றார். அவளை அவர் அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. “இருபத்தாறு வருஷமா வாளி வாளின்னு கூப்பிட்டாங்க என்னை. என் பேரன் ஸ்கூல்லேருந்து வந்து, ‘தாத்தா, உங்க பேர் வாளியா’ன்னு கேட்டான். நீ பக்கத்துலதான் உக்காந்திருந்த. பிஸ்கட் தின்னுட்டிருந்த.”

“தப்புதான் அண்ணா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாப்ள இருக்கட்டும் அண்ணான்னு ஒரே ஒரு வார்த்தை. நானே வெச்சிருப்பேனே! வேணும்னுதான் வெச்சேன், போங்கடான்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டுப் போயிருப்பேனே! எனக்கு மட்டும் அவர் யாரு?”

டப்பாவைச் சட்டையோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். இந்த முறை ஒவ்வொரு படியாக. அவர் அவளைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கேட்டிருந்தால் வைத்திருப்பேன் என்றாரே, அதைத்தான் அவளால் தூக்கிச் சுமக்க முடியவில்லை. கேட்கலாம் என்று அந்தப் பதினோராம் நாள் ஏன் அவளுக்குத் தோன்றவே இல்லை?

ஆறு வாரம் பேச்சில்லை. கத்திரி ஃபோனை எடுப்பாள், வைப்பாள். ஆபீசில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மாமியார் கதவைத் திறக்கிற ஷாட்டை ஒன்பது விதமாக வெட்டிப் பார்த்து, கடைசியில் கதவையே எடுத்துவிட்டாள். வேகாத சோற்றை இறக்கினாள். அண்ணிக்கு ஃபோன் செய்தால், “நல்லாத்தான் இருக்கார். சாப்பிடறார், தூங்கறார், பேசத்தான் மாட்டேங்கறார்” என்று பதில் வந்தது. அதே பழைய தியேட்டரில் புதுப் பிரதியின் முதல் காட்சிக்கு அழைப்பு வந்தது, அண்ணனிடமிருந்து இல்லை, படத்தை வெளியிடுகிற கம்பெனியிலிருந்து. போகக் கூடாது என்று முடிவு செய்தாள். அன்றைக்குக் காட்சி தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போய் நின்றாள்.

“இன்னிக்கு வாளி வரைக்குமா, முழுசுமாம்மா?” என்றார் டார்ச்காரர்.

“தெரியலயேய்யா.”

வழக்கமான இருக்கை. பக்கத்தில் பருத்த உடம்புக்காரி ஒருத்தி சிவப்பு வாளியை மடியில் வைத்துக்கொண்டு, இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தாள். பின்னால், கதவோரம், புதுச் சட்டையில் அண்ணன் நின்றார். தங்கை திரும்பிய பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லாப் பக்கமும் பார்த்தார்.

படம் பளிச்சென்று இருந்தது. வாத்துகளின் உதட்டுச்சாயம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. “செருப்பு!” என்று கூரை அதிர்ந்தது. நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. கத்திரி இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். குளத்தங்கரை வந்தது. முந்நூறு வாளிகள் எழுந்தன.

“என்னய்...”

யாரும் வரவில்லை. சுத்தமான கரை. சுத்தமான தண்ணீர். வாத்துகள் அழகாக அணிவகுத்துத் தபால்காரர்மேல் பாய்ந்தன. இருபத்தாறு வருடம் அண்ணன் ஏங்கிய ஷாட், அப்பழுக்கில்லாமல் ஓடியது. ஒருவர் பயப்படவில்லை. ஒருவர் சிரிக்கவுமில்லை. வாளிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. “அவரு எங்க?” என்று யாரோ கேட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரி வாளியை மடியில் வைத்து, வீட்டில் வேண்டியவர் இறந்த செய்தி வந்ததுபோல உட்கார்ந்துவிட்டாள்.

கத்திரி திரும்பிப் பார்த்தாள். திரை வெளிச்சத்தில் அண்ணனின் முகம் தெரிந்தது. அவர் ஷாட்டைப் பார்க்கவில்லை. இறங்கிக்கொண்டிருந்த வாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து போகிற நேரம் இது. கை தானாகக் கைப்பையை எடுத்தது. ஆனால் வாளிக்காரர் வராமல் எப்படிப் போவது? அவர் வந்து, நின்று, பார்த்து, போன பிறகுதானே அவள் போவாள். உட்காரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றாள். அவளுக்குள் இருந்த எடிட்டர் மட்டும் பதற்றமில்லாமல் எண்ணத் தொடங்கினாள். இதற்கடுத்துத் தபால்காரரின் முகம். பிறகு பம்பு. பிறகு கதவிடுக்கில் பார்க்கிற கிழவர். நாற்பத்தைந்து நொடி கழித்து அதே கரை, அதே கோணம் மறுபடி வரும். பதினொரு நொடி நிற்கும். அவள் வெட்டிய படம், அவளுக்குத் தெரியாதா?

“இதக் கொஞ்சம் குடும்மா” என்று சிவப்பு வாளியைப் பிடுங்கிக்கொண்டு நடைபாதையில் இறங்கினாள். கைப்பை விழுந்தது, திரும்பவில்லை. “அம்மா, அம்மா!” என்று டார்ச்காரர் பின்னால் ஓடி வந்தார். திரைக்கு முன்னால் ஒரு சின்ன மேடை, மூன்று படி. ஏறி வலது ஓரத்தில் நின்றாள். கதவிடுக்குக் கிழவர் கண்ணை உருட்டினார். கரை வந்தது.

நடந்தாள். இடது தோளைச் சற்று இறக்கி, வெறும் வாளியைக் கனக்கவைத்துக்கொண்டு. எந்தக் கால் முதலில், எந்த இடத்தில் உடம்பு சாய்கிறது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய நரைத்த தலையிலும் புடவையிலும் வாத்துகள் ஓடின. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

அவர் அன்றைக்கு அவளைப் பார்த்தார். அவளுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது, அதற்குப் பின்னால் கும்மிருட்டு. பிறகு முந்நூறு வாளிகளும் படபடவென்று மேலே போகிற சத்தம் கேட்டது. ஆனால் வழக்கமான கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லையோ என்னவோ. தனக்குச் சிரிப்பு வருவது அவளுக்கே தெரிந்தது. கண்ணீரும் வந்தது. பதினொரு நொடி, அதில் ஐந்து போய்விட்டது. அண்ணன் கத்தப்போகிறார், அன்றைக்குக் கத்தியதுபோல. கத்தட்டும். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

கதவோரத்து இருட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது, கிழடுதட்டி, உடைந்து, ஆனாலும் டைரக்டரின் குரல்தான்.

“அவசரமில்ல மாப்ள! மெதுவாப் போங்க!”

இன்னும் மூன்று எட்டு இருந்தது. வாளியைக் கை மாற்றிக்கொண்டு, அவள் மெதுவாகவே நடந்தாள்.